நகல் போகாத கடிதமும் நாடு கற்ற பாடமும்
திருச்சி தந்த பாதுகாப்பு நிபுணர் கே.சுப்பிரமணியம்

ஐரோலி, மார்ச்:

காலை எட்டரை மணி. ஐரோலி ரயில் நிலையத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் இறங்குகிறார்கள். கம்பெனி வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். 2008 நவம்பர் 26-க்குப் பிறகு மும்பைவாசிகளுக்கு இது பழகிப்போன காரியம். அன்று கடல் வழியே வந்த பத்துப் பேர் 166 உயிர்களைப் பறித்தார்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போகிற நம்மவர்கள் அன்றாடம் கால் வைக்கும் சி.எஸ்.டி. ரயில் நிலையமும் அந்தத் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

"நாட்டின் பாதுகாப்பு" என்றால் துப்பாக்கியும் பீரங்கியும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது காகிதத்திலும் இருக்கிறது, தபால் யார் மேஜைக்குப் போகிறது என்பதிலும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டியவர் ஒரு தமிழர். அவர்தான் கே.சுப்பிரமணியம்.

ரசாயனம் படித்தவர்

1929 ஜனவரி 19-ல் திருச்சியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்தார். 1951-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். பின்னர் டில்லியில் ராணுவ அமைச்சகத்துக்குப் போனார். 1966-67-ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் போர்த்தந்திர ஆராய்ச்சி செய்தார்.

1968-ல் டில்லியிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அன்று அதைப் பெரிய பதவியாக யாரும் எண்ணவில்லை. கோட்டை கொத்தளம் கிடையாது, புத்தகங்களும் நாற்காலிகளும்தான். ஆனால் அங்கே உட்கார்ந்துதான் அவர் நாட்டையே பேச வைத்தார். 1971-ல் வங்கதேச நெருக்கடி மூண்டபோது, இந்தியா தலையிட வேண்டும் என்று வாதாடினார். அணு ஆயுதம் இந்தியாவுக்குத் தேவை என்பதையும் தயங்காமல் எழுதினார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே இப்படி எழுதியதால் நண்பர்களும் சேர்ந்தார்கள், எதிரிகளும் சேர்ந்தார்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தில் தமிழ்நாட்டு உள்துறைச் செயலாளராக இருந்தார். 1977 முதல் 1979 வரை டில்லியில் கூட்டு உளவுக் குழுவின் தலைவர். பல துறைகள் தனித்தனியே சேகரிக்கும் ரகசியத் தகவல்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை பின்னால் இங்கேதான் திரும்பி வருகிறது.

பறிபோன நாற்காலி

அடுத்து ராணுவத் தளவாட உற்பத்தித் துறைச் செயலாளர் ஆனார். 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானதும் அந்தப் பதவி போயிற்று. பின்னர் ராஜீவ் காந்தி காலத்தில் அவரைவிட இளையவர் அமைச்சரவைச் செயலாளர் ஆனார். தந்தை மிகவும் நேர்மையானவர், ஒருவேளை அதுவே சிக்கலாகி இருக்கலாம் என்று 2023-ல் ஒரு பேட்டியில் சொன்னார், அவருடைய மகனும் வெளியுறவு அமைச்சருமான ஜெய்சங்கர்.

பதவி உயர்வு கைநழுவிப்போன வருத்தம் ஆபீஸ் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். சிலர் வாய் மூடி விடுவார்கள். சிலர் புலம்பியே காலத்தைக் கழிப்பார்கள். சுப்பிரமணியம் பழைய ஆராய்ச்சி நிறுவனத்துக்கே திரும்பினார். 1987 வரை அங்கே இருந்தார். ஓய்வுக்குப் பிறகு பத்திரிகைகளில் எழுதிக் குவித்தார்.

இடையே உயிருக்கே ஆபத்து வந்தது. 1984 ஆகஸ்டில் அவர் பயணம் செய்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டுத் துபாய் வரை போயிற்று. அந்த நெருக்கடியைக் கையாண்ட அதிகாரிகள் குழுவில் இளம் ஜெய்சங்கரும் இருந்தார். தந்தையும் அதே விமானத்தில் இருக்கிறார் என்பது சில மணி நேரம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. பயணிகள் பத்திரமாக மீண்டார்கள்.

கார்கில் விசாரணை

எழுபதாவது வயதில் பெரும் பொறுப்பு தேடி வந்தது. 1999 ஜூலை 26-ல் கார்கில் போர் முடிந்தது. மூன்றே நாளில், ஜூலை 29-ல், எதிரி ஊடுருவியது எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஆராய ஒரு குழுவை வாஜ்பாய் அரசு அமைத்தது. தலைவர் சுப்பிரமணியம். ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் கே.கே.ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸ், உறுப்பினர் செயலாளராக சதீஷ் சந்திரா ஆகியோர் உடன் இருந்தார்கள்.

அந்தக் குழு கண்டுபிடித்தவற்றில் ஒன்று, குமாஸ்தா வேலை பார்ப்பவர்களைத் தூக்கிவாரிப் போடும். 1998 ஜூனிலேயே எல்லைக்கு அப்பால் நடமாட்டம் இருப்பதாக உளவுத்துறை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. அது மேலிடத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு உளவு அமைப்பான "ரா"வின் செயலாளர், ராணுவ உளவுப் பிரிவின் தலைவர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர் ஆகிய மூவருக்கும் அது அனுப்பப்படவில்லை!

கூட்டு உளவுக் குழு என்பது சுப்பிரமணியமே ஒரு காலத்தில் வகித்த நாற்காலி. அந்த நாற்காலிக்கு ஒரு நகல் போகாவிட்டால் என்ன நஷ்டம் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த ஒரு கடிதத்தால் மட்டும் எல்லாம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. துண்டு துண்டாகக் கிடைத்த தகவலைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை, அதுதான் நோய். போரில் 527 வீரர்களை நாடு இழந்தது.

அறிக்கை 2000 பிப்ரவரியில் பார்லிமென்டில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் மறைக்கப்பட்டாலும், குறைகளைச் சொல்லும் ஓர் அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்ததே பெரிய காரியம். தேசிய பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரமும் அந்த வேலையையே பார்க்க வேண்டும் என்று குழு சொன்னது. 2002-ல் ராணுவ உளவு முகமை பிறந்ததற்கும் அந்த அறிக்கையே வித்து. அதையொட்டி அமைச்சர்கள் குழு 2001-ல் தந்த அறிக்கை கடலோரக் காவலையும் வலியுறுத்தியது. கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005-ல் தொடங்கியது. ஆனாலும் 2008-ல் மும்பைக்கு ஆபத்து கடல் வழியேதான் வந்தது. காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு இந்த நகரத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வேண்டாம் என்ற விருது

1999-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசாங்கத்திடமிருந்து விருது வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 2011 பிப்ரவரி 2-ல் டில்லியில் காலமானார். வயது 82.

அவர் ஏறிய உயரத்துக்கு எல்லோரும் ஏற முடியாது. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய தவறை நாம் செய்யாமல் இருக்கலாம். ஐரோலியில் ஏதோ ஓர் ஆபீசில், கோட்டையில் ஏதோ ஒரு பாங்கில், இன்றும் ஒரு தமிழர் கடிதம் எழுதிக் கொண்டிருப்பார். கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் நிறுத்தி, "இது இன்னும் யாருக்குத் தெரிய வேண்டும்?" என்று கேட்டுக் கொண்டால், திருச்சிக்காரர் சொன்னது வீண் போகாது.