மணிமண்டபம் மட்டும் போதாது

தேவதானப்பட்டி இருக்கும் தேனி மாவட்டத்தில் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரம் இளையராஜாவைத் தந்தது. பெரியகுளம் பக்கத்து வடுகபட்டியில் வளர்ந்தவர் வைரமுத்து. ஆனால் வைரமுத்து பிறந்த மெட்டூர் இன்று இல்லை. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த மக்களின் வாழ்க்கை ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலில் மிஞ்சியிருக்கிறது, வீடு மிஞ்சவில்லை. எழுத்து இருக்கும்போது வீடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதற்குப் பாரதியின் வீடுகளில் பதில் இருக்கிறது.

எட்டயபுரத்தில் பாரதிக்கு இரண்டு நினைவிடங்கள் உண்டு. கல்கி முன்னின்று நிதி திரட்ட, 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் ஒன்று. 1882-இல் அவர் பிறந்த வீடு மற்றொன்று. பாரதி எவ்வளவு பெரியவர் என்பதை மண்டபம் சொல்லும். எப்படி வாழ்ந்தார் என்பதை வீடுதான் காட்டும். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் 1921-இல் மறைந்த வீட்டை அரசு வாங்கி, 1993-இல் பாரதியார் இல்லமாகத் திறந்தது. வாசலை விட்டு இறங்கினால் பார்த்தசாரதி கோயில் கூப்பிடு தூரம்தான். கோயில் யானை அவரைத் தள்ளியது எங்கோ நடந்த விபத்தல்ல, அன்றாடம் போய்வந்த இடத்தில், பழகிய யானையால் நேர்ந்தது என்பது அந்தத் தெருவில் நடப்பவருக்குச் சட்டென்று விளங்கும். வாடகைக்கு இருந்த வீட்டுக்கு என்ன பெருமை என்பார்கள். மகாகவி என்று நாம் கொண்டாடுகிறவர் கடைசிவரை குடக்கூலிக்காரராகவே இருந்தார் என்பது எந்தச் சிலையிலும் தெரியாத உண்மை அல்லவா?

பழைய வீட்டைக் காப்பது காசைக் கரைக்கும் வேலை என்பது அடுத்த மறுப்பு. எட்டயபுரம் வீட்டின் மேற்கூரை 2025-இல் இடிந்து விழுந்ததை அதற்குச் சாட்சியாகக் காட்டலாம். ஆனால் அது பராமரிப்பின் அவசியத்தைத்தான் சொல்கிறது. வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்டபம் இடிந்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். பிறந்த வீட்டுக்கு மாற்று கிடையாது. கூரையைப் புதுப்பித்தாலும் அறையின் அளவும் முற்றமும் தெருவும் மாறாதவரை அது சான்றுதான்.

எல்லா வீட்டையும் அரசு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். நம் ஊர்ப் பேரூராட்சிகள், மறைந்த நாதசுரக் கலைஞர்கள், நாடகக்காரர்கள், தெருக்கூத்து வாத்தியார்கள் குடியிருந்த வீடுகளைப் பட்டியலிட்டு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு வாசலில் ஒரு பெயர்ப்பலகையாவது வைக்கலாம். இடிக்கும் முன் வரைபடமும் புகைப்படமும் எடுத்து நூலகத்தில் சேர்க்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த கிராமசபையிலும் பேரூராட்சிக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.