டர்போ இயந்திரமும் குழாய்ச் சிக்கலும்

டர்போ பொருத்திய மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்த நேயர்கள், சுண்டுவிரலினும் மெலிந்த கறுப்பு ரப்பர் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பதைக் கண்டு திகைத்திருப்பர். இவற்றில் பாதியைக் களைந்தால் என்ன என்று தோன்றுவதும் இயல்பே. எதைக் களையலாம், எதைக் களையலாகாது என்று துணியுமுன், அக்குழாய்கள் செய்யும் தொழிலை நாம் அறிதல் வேண்டும்.

பெட்ரோல் இயந்திரம் காற்றை உறிஞ்சி இயங்குவது. வண்டி நிற்கையில் இயந்திரம் மெல்ல ஓடும்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். அதன் பின்னுள்ள உறிஞ்சுகுழலில் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தின் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இதையே வெற்றிடம் என்று வழங்குகிறோம். உண்மையில் அது குறையழுத்தமே. இந்த உறிஞ்சும் விசையைக் கூலியில்லா வேலையாளாகக் கொண்டு, பிரேக்கை அழுத்தும் காலுக்குத் துணைபுரியவும் சிறு வால்வுகளை இழுக்கவும் பொறியாளர் வகைசெய்தனர். கழிவுப் புகையால் சுழலும் டர்போவோ காற்றை இயந்திரத்துள் திணிக்கிறது. ஆகவே, சற்றுமுன் உறிஞ்சிய அதே குழாய் மறுகணம் ஊதத் தொடங்குகிறது. உறிஞ்சலும் ஊதலும் கலவாதிருக்க ஒருவழி வால்வுகளும், கணினியின் ஆணைக்கு இயங்கும் மின்காந்த வால்வுகளும் தேவையாயின. குழாய்கள் பெருகியது இவ்வாறுதான்.

இப்பெருக்கத்தின் உச்சத்தை, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1991 முதல் 2002 வரை செய்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வண்டியில் காணலாம். அதில் டர்போக்கள் இரண்டு. முதலாவது குறைந்த வேகத்திலேயே உழைக்கும். இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுற்றுகளை எட்டும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தை நடத்துபவை வெற்றிடத்தாலும் அழுத்தத்தாலும் அசையும் கதவுகள். வெற்றிடத்தைச் சேமிக்க ஒரு கலமும், அழுத்தத்தைச் சேமிக்க வேறொரு கலமும் உண்டு. வால்வுகளைச் சுற்றிய குழாய்த் திரளை அவ்வண்டியின் அன்பர்கள் 'எலிக்கூடு' என்றே அழைக்கின்றனர். கொதிக்கும் டர்போவின் அருகே ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் கொம்புபோல் இறுகிப் பின்னர் வெடிக்கும். ஒரு சாண் குழாயில் விழும் மயிரிழை வெடிப்பும் இரண்டாம் டர்போவை உரிய நேரத்தில் வரவிடாது தடுத்துவிடக்கூடும்.

இதை எளிமையாக்க, கைமாற்று ஏற்பாட்டையே நீக்கி, இரு டர்போக்களும் எப்போதும் சேர்ந்தே சுழலும்படி செய்வோர் உளர். பெரும்பாலான வால்வுகளும் குழாய்களும் அப்போது வேண்டாதவையாகும். ஆயின் குறைந்த வேகத்தில் இருந்த இழுப்புத் தளர்ந்துவிடும். பந்தயத் திடலுக்கு அது ஒக்கும், கடைவீதிக்கு ஒவ்வாது. ஏற்பாட்டை அப்படியே காத்து, பழைய ரப்பருக்குப் பதில் சிலிக்கோன் குழாயிட்டு, சுற்றுவழிகளைக் குறுக்குவதையே நாம் விரும்புவோம்.

அந்த வண்டி நம் நாட்டுச் சாலைகளில் அரிது. எனினும், டர்போ கொண்ட பழைய பெட்ரோல் வண்டி எதற்கும் இம்முறை பொருந்தும். (புதிய சிறு கார்கள் பலவற்றில் மின்மோட்டார்களே இவ்வேலைகளை ஏற்றுக்கொண்டு, குழாய்களைக் குறைத்துவிட்டன.) தில்லியில் காஷ்மீரி கேட்டிலோ கொல்கத்தாவில் மல்லிக் பஜாரிலோ குழாய் வாங்கும் நம்மவர், உள்விட்டத்தைச் சொல்லிக் கேட்டல் வேண்டும். சுவர் மெலிந்த சிலிக்கோன் குழாய் வெற்றிடத்தில் சப்பிப்போகும். பெட்ரோலோ எண்ணெயாவியோ செல்லும் வழிக்குச் சிலிக்கோன் உதவாது. அதற்கென்றே செய்த ரப்பர் வேண்டும்.

இவ்வேலையில் முதற்கருவி காகிதமும் பென்சிலுமே. ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று வரைந்துகொண்டு, ஒன்றைக் கழற்றி, அதற்குரிய புதியதை மாட்டிய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். சிறு கிளைகள் பலவற்றை ஒரே உலோகக் கட்டையில் சேர்த்தால் வழி குறுகும். ஆனால் அழுத்தத்தை அளந்து கணினிக்குச் சொல்லும் உணரிக்குத் தனிக்குழாய் இருத்தல் நலம். பிரேக்குக்குச் செல்லும் தடித்த குழாயிலும் அதன் ஒருவழி வால்விலும் கைவைத்தலே கூடாது. வால்வு தலைகீழாக அமைந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும்.

அனைத்தினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. டர்போவின் அழுத்தம் எல்லையைத் தொடும்போது புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவைத் திறப்பது, ஒரு சிறு குழாயில் வரும் அழுத்தமே. அக்குழாய் கழன்றால் கதவு திறவாது. அழுத்தம் கட்டின்றி ஏறும். உள்ளே எரிகலவை முறைதவறி வெடித்துத் தட்டும். ஆர்எக்ஸ்-7இல் பிஸ்டன்கள் இல்லை. முக்கோணச் சுழலிகளே உண்டு. அவற்றின் முனைகளில் காற்றை அடைத்து நிற்கும் மெல்லிய பட்டைகள் இத்தட்டலில் நொடிப்பொழுதில் முறியக்கூடும். பின்னர் இயந்திரம் முழுவதையும் பிரித்தாக வேண்டும். ஆதலால் இக்குழாயைக் கட்டையோடு சேர்க்காமல், குறுகிய தனிவழியில் விட்டு, இருமுனையிலும் கவ்வியிடுதல் இன்றியமையாதது.

பெட்ரோல் தொட்டியின் ஆவியை ஈர்க்கும் குழாயை வீண் என்று அகற்றுவோரும் உளர். அது மாசுக்கட்டுப்பாட்டுக்கென அமைந்தது, அகற்றலாகாது.

வேலை முடிந்ததும், காற்றுப் புகுவாயை அடைத்து, உள்ளே சிறிதளவு அழுத்தமேற்றி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பார்க்கலாம். குமிழி எழுமிடத்தில் கவ்வி இறுகவில்லை என்று பொருள். முதல் நெடும்பயணம் முடிந்து இயந்திரம் நன்கு ஆறிய பின், கவ்விகளை மறுமுறையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.