ஓடாத வண்டிக்கும் வயதாகும்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்குப் போனாலும் தூண் ஓரமாக உறை போர்த்திய ஒரு பைக் நிற்கும். உரிமையாளர் அதைக் கைவிட்டவர் இல்லை, மாதத் தவணை கட்டி ஆசையாக வாங்கியவர்தான். வார நாள்களில் அவருக்கு மெட்ரோ, இல்லாவிட்டால் கம்பெனி வண்டி. சனிக்கிழமை பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கிரகப்பிரவேசம். அடுத்த வாரம் எடுக்கலாம் என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் போய்விடும். ஒருநாள் நேரம் வாய்த்து, உறையை விலக்கிப் பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக்’ சத்தத்தோடு சரி. செல்ஃப் எடுக்காது. உதைத்துப் பார்க்கலாம் என்றால் இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. அப்போது மெக்கானிக்கிடம் அவர் கேட்பார்: “வண்டி ஓடவே இல்லையே அண்ணே, எப்படிக் கெட்டுப்போகும்?”

நியாயமான கேள்வி. வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆயில் மாற்றும் கெடு எழுதிய இடத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், ‘எது முன்னதோ அது’ என்று போட்டிருப்பார்கள். நாம் கிலோமீட்டரோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். கிலோமீட்டர் என்பது உராய்வின் கணக்கு. பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ஸ்ப்ராக்கெட்டின் பல் எல்லாம் ஓடினால்தான் தேயும். மாதம் என்பது வேதியியலின் கணக்கு. ஆவியாவது, துருப்பிடிப்பது, ஈரத்தை உறிஞ்சுவது, படிகம் கட்டுவது இவற்றுக்கெல்லாம் சாவி போட வேண்டியதில்லை. வண்டி நின்றால் இவற்றில் சில இன்னும் வேகமெடுக்கும்.

முதலில் மாட்டுவது பேட்டரி. 1859-இல் பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டிய அதே ஈய-அமில பேட்டரிதான், சில மேம்பாடுகளோடு, இன்றும் பெரும்பாலான பைக்குகளில் இருக்கிறது. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். விட்டுவைத்தால்தான் தொல்லை. பொடிப்பொடியான படிகங்கள் ஒன்று சேர்ந்து, பெருத்து, இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி செத்ததாகவே கணக்கு. இத்தனைக்கும் யாரும் விளக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. பேட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொது விதி. நம் ஊர் சித்திரை, வைகாசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குமேல் சில்லறைச் செலவுகள் வேறு. கடிகாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம், ஆசைக்கு மாட்டிய அலாரம் எல்லாம் சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 3.6 ஆம்பியர்-மணி போய்விடும். 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கிட்டத்தட்டப் பாதி. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் வைத்து, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். 12-ஐ ஒட்டி வந்துவிட்டால் ஏறக்குறைய காலி.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், தினமும் காலையில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது. நல்ல எண்ணம்தான், ஆனால் வண்டிக்குக் கெடுதல். ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளில் பெரிய மின்னோட்டத்தை உறிஞ்சிவிடும். ஐடிலிங்கில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது உற்பத்தியாகும் மின்சாரமோ குறைவு. அதிலும் ஒரு பங்கை முகப்பு விளக்கு எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்போதெல்லாம் எரிந்தாக வேண்டும்.

பேட்டரி நட்டம் சின்னது. பெரிய நட்டம் எஞ்சினுக்குள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்பக் கடினம்தான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர்தானே வர வேண்டும்? எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாகவே சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் போகாது. ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே நீராகப் படிந்து உள்பக்கமிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே குரோம் பளபளக்க, உள்ளே தகடு ஓட்டையாகியிருக்கும் வண்டிகளை மெக்கானிக்குகள் நிறையப் பார்த்திருப்பார்கள். இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே கசிந்து ஆயிலில் சேரும். எரிபொருள் எரிந்த மிச்சங்களோடு கலந்து லேசான அமிலமாகும். அளவு மீறினால் ஆயில் மோர் போல வெளுத்துவிடும். குளிர் எஞ்சினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகத்தான் ஊட்டப்படுகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலை நீர்க்க வைக்கும். இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வேண்டுமானால் ஆயில் நன்றாகச் சூடேற வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது நடக்காது. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் விட்டால் காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது. ஆகவே தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதைவிடத் தொடாமல் இருப்பதே மேல். எடுத்தால் சாலையில் இறக்கி அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

பெட்ரோலைப் பற்றி வாட்ஸ்அப்பில் உலவும் பீதிக்கு அளவில்லை. உண்மை கொஞ்சம் நிதானமானது. பெட்ரோல் என்பது பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவை முதலில் பறந்துவிடும். எளிதில் தீப்பற்றி ஸ்டார்ட் ஆக உதவுபவையும் அவைதான். மிச்சம் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகும். டேங்கில் ஒன்றிரண்டு மாதத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கிடப்பது சில கரண்டி பெட்ரோல்தான். அது சீக்கிரம் வற்றிப் பிசுக்காகும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைபட இவ்வளவு பிசுக்கே போதும். பழைய ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை தெரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஏறக்குறைய எல்லாப் புதிய பைக்குகளும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால் புது வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பது சரி. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே தங்கும் என்பதும் சரி. ஆனால் மூடிய டேங்கில் வெறும் காற்றின் ஈரத்தால் அந்த நிலை வர நெடுநாள் ஆகும். தண்ணீர் பெரும்பாலும் வேறு வழியில் நுழைகிறது. டேங்க் வாயைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அது தூசியால் அடைத்துக்கொண்டால் தேங்கும் நீர் மூடி வழியே உள்ளே இறங்கும். வாட்டர் சர்வீஸில் அந்த இடத்திலேயே பீய்ச்சி அடிப்பார்கள். துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இரும்பு டேங்க் கொண்ட வண்டியை நிறுத்திவைப்பதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் அங்கே ஈரக்காற்று புகும், துருவும் அங்கேதான் பிடிக்கும்.

பிரேக் ஆயில் ஈரத்தை விரும்பிக் குடிக்கும் இன்னொரு திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடும். நகரத்தில் இதனால் ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது தெரியும். திரவம் கொதித்து நீராவிக் குமிழ்கள் உண்டானால், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் குமிழ்தான் நசுங்கும், சக்கரம் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்வது கம்பெனிக்காரர்களின் வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் மலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

டயர் சங்கதி எனக்குப் பிடித்தமானது. காற்றில் உள்ள ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுக்க ரப்பரோடு ஒரு மெழுகைக் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளைந்து நெளிவது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து போர்வை போர்த்த உதவும். நிற்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. டயரின் பட்டன் முழுசாக இருந்தும் பக்கச்சுவர் வெடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. செயின்தான் முதல் பலி. வண்டிக்கு நல்லது என்று பிளாஸ்டிக் உறையால் இறுக மூடுவது உள்ளே ஈரத்தைச் சிறை வைப்பதுதான். மழைக்காலத்தில் நனைந்த வண்டியை அப்படி மூடுவதைவிட மூடாமல் விடலாம். பருத்தித் துணி, அல்லது காற்று போய்வரும் உறை நல்லது.

இனி நேரத்துக்கு வருவோம். பைக் பராமரிப்பு வீடியோக்களை இரவு ஒரு மணி வரை பார்ப்பவர்கள் பலர். செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றிய வீடியோவே செயினுக்கு எண்ணெய் போடும் நேரத்தைவிட நீளம். வாரத்தில் ஒருநாள் அலுவலகத்துக்கு அதிலேயே போய் வந்தால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கவோ காய்கறி வாங்கவோ கொஞ்சம் சுற்றுவழியாகப் போகலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால்தான் காற்றின் அளவு சரியாகத் தெரியும், எனவே அது கிளம்பும்போதே. செயினுக்கு எண்ணெய் திரும்பி வந்தபின், சூடு இருக்கும்போதே. அப்போதுதான் இடுக்குகளில் ஊறும். ஆயில் மாற்றுவதையும் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

வெளியூரோ வெளிநாடோ போய் இரண்டு மூன்று மாதம் எடுக்க முடியாது என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால், ஸ்பானர் வண்டிச் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். கார்புரேட்டர் இருந்தால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.

வாரம் அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, கிடைக்கப் போவதும் இல்லை என்றால், ஓட்டுகிற ஒருவருக்கு விற்றுவிடுவதே சரி. சட்டமும் மாதக் கணக்கைத்தான் பார்க்கிறது. புது பைக்கின் பதிவுச் சான்று 15 ஆண்டுக்குத்தான். அதை நீங்கள் ஓட்டினீர்களா, உறை போட்டு நிறுத்தினீர்களா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.