அசதி என்று ஒதுக்கப்படும் நோய்



நடவு முடிந்ததும் எங்கள் வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சுகள் தஞ்சைச் சுற்றுவட்டாரப் பெண்களால் நிறைந்துவிடும். அவர்கள் அருகே அமர்ந்து விசாரிப்பது எங்கள் வழக்கம். “உடம்புக்கு என்னம்மா?” என்றால், “ஒண்ணுமில்லங்கய்யா, ஒரே அசதி. சேத்துல நின்னு நட்டதுதான்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை, சரியாகச் சாப்பிடாமலே உடம்பு பருக்கிறது, மாதவிலக்கு ஒழுங்கில்லை என்று ஒவ்வொன்றாக வெளிவரும்போது, மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கிறார்.

தைராய்டு, முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் உள்ள சிறு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பது அதன் கையில் இருக்கிறது. அது குறைவாகச் சுரந்தால் எல்லாமே மந்தமாகிவிடும்.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது? சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு இக்குறை இருந்தது. பெண்களில் 16, ஆண்களில் 5. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவரை விஷயமே தெரியாது! நகரத்துக் கணக்கை அப்படியே வயல்காட்டுக்குப் பொருத்த முடியாது. ஆயினும் அறியாதிருப்பவர்கள் கிராமத்தில் குறைவு என்று நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

இச்சுரப்பிக்கு அயோடின் தேவை. “கடலோரத்து உப்பில் இல்லாத அயோடினா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 1930-இல் ராஜாஜி நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் நம் டெல்டாவின் கோடியில்தான் இருக்கிறது. ஆனால் கடல்நீர் பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அயோடின் மிகச் சொற்பமே தங்குகிறது. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பது 2006 முதல் நாடெங்கும் தடை. அப்படியிருந்தும் 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டளவில் 76 சதவீதம், தமிழ்நாட்டில் 62 சதவீதமே. மாநிலங்களில் நாம்தான் கடைசி.

அயோடின் உப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. இன்று பெரியவர்களிடம் காணும் குறையில் பெரும்பகுதி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. உப்பு முக்கியமாக வேண்டியது கர்ப்பிணிக்கு. வயிற்றிலுள்ள சிசுவின் மூளை அதை நம்பியிருக்கிறது. இதுவன்றி, ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று சுரப்பி சரியாக இயங்காமலே பிறக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டறிந்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அது மற்றப் பிள்ளைகளைப்போல வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால், இழந்த அறிவு வளர்ச்சியைப் பிறகு எந்த மருந்தும் திருப்பித் தராது.

பெரியவர்களுக்கு மருந்து எளிது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு ஒரு மாத்திரை. கும்பகோணம் காபிக்குப் பழகியவர்களுக்கு அதுவே பெரிய சோதனை. காபி அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. அசதி தீர்ந்துவிட்டதென்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அடுத்த நடவு முடிந்ததும் அவர்களை அதே பெஞ்சில் பார்க்கிறோம்.