காஸ் போச்சு... காசும் போச்சு!

கார் ஏ.சி.யில் காஸ் தீர்ந்து போகுமா?

"ஆமாம், வருஷத்துக்கு ஒரு தடவை தீர்ந்துடும், நிரப்பிக்கணும்" என்று சொல்கிறவரா நீங்கள்? கையைக் கொடுங்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அதிலிருந்து விலக எனக்கு மூன்று கோடைகளும், ஆறாயிரத்து இருநூறு ரூபாயும் தேவைப்பட்டன.

முதல் கோடை. ஏ.சி. குளிரவில்லை. வீட்டுப் பக்கத்துக் கடையில் கொண்டுபோய் விட்டேன். பையன் ஒரு கேஜை மாட்டினான். முகத்தைச் சுளித்தான். "காஸ் இல்ல சார்" என்றான். ஒரு டின் ஏறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். கார் ஊட்டியாகிவிட்டது!

இரண்டாவது கோடை. அதே கேஜ், அதே சுளிப்பு, 2,100. மூன்றாவது கோடை 2,200. "ஏம்ப்பா, வருஷா வருஷம் எங்கேதான் போகுது?" என்று கேட்டேன். "ஓட ஓடத் தீரும் சார், பெட்ரோல் மாதிரி" என்றான். நானும் தலையாட்டினேன். பி.காம். படித்தவனுக்கு இந்த பதில் போதும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

நான்காவது கோடையில்தான் வினை வந்தது.

அக்னி நட்சத்திரம். விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பின் ஸீட்டில் அம்மா. வயது எழுபத்தொன்று, பிளட் பிரஷர் உண்டு. தாம்பரம் வரை சுமாராகக் குளிர்ந்த ஏ.சி., வெயில் ஏற ஏறப் பெருமூச்சு விட ஆரம்பித்தது. மேல்மருவத்தூர் தாண்டியபோது சுத்தமாக அனல்காற்று. கண்ணாடியை இறக்கினால் வெளியே அதைவிட அனல்.

"என்னம்மா, முடியலையா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள். திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்து, உதடு காய்ந்து, புடவைத் தலைப்பை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, இளநீர் வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் விசிறினேன். அவள் எழுந்து உட்காரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். கல்யாணம் பார்க்கவில்லை. மாலை வரை காத்திருந்து வீடு திரும்பினோம்.

மறுநாள் பழைய கடைக்குப் போகவில்லை. நண்பர் சொல்லி புதுப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் பெரியவரைத் தேடிப் போனேன். எல்லோருக்கும் அவர் 'பாய்'. முப்பத்தைந்து வருஷமாகக் கார் ஏ.சி. மட்டும்தான் பார்க்கிறார்.

கேஜைத் தொடவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். "சிக்னல்ல நின்னாத்தான் சூடா? ஓடும்போது ஜில்லுனு ஆயிடுதா?" அப்படியென்றால் முன்னால் இருக்கும் ஃபேன் கோளாறாக இருக்கலாமாம். "காத்தே கம்மியா வருதா?" அப்படியானால் ஃபில்ட்டரில் குப்பை. "போன தடவை எப்போ காஸ் போட்டீங்க?" போன மே என்றேன். "அதுக்கு முன்னாடி?" அதற்கு முந்தைய மே. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டை எங்கேன்னு பார்த்தாங்களா?"

"இல்லை. ஓட ஓடத் தீரும்னு..."

"சார், தேர் நாலு வீதியும் சுத்தி வருது. நிலைக்கு வந்து சேரும்போது கரைஞ்சா போயிடுது?"

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் எரிகிறது, தீர்கிறது. ஏ.சி. காஸ் எரிவதே இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் சூட்டை வெளியே கொட்டிவிட்டு திரவமாகிறது. ஒரு சின்ன வால்வு வழியாகப் பீய்ச்சியதும், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, நம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரஸர். மூடிய வீதியில் ஓயாத தேரோட்டம்.

என் படிப்புக்கு வருகிறேன். இது செலவுப் பக்கமே இல்லாத பேரேடு. இருப்பு குறைகிறது என்றால் கையாடல் என்று அர்த்தம். ரப்பர் குழாய்களின் நுண்துளை வழியாகவும், இணைப்புகள் வழியாகவும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். 2006-ல் ஐரோப்பிய யூனியன் போட்ட சட்டம், ஒரே கூலிங் காயில் உள்ள புது மாடல் கார் வருஷத்துக்கு 40 கிராமுக்கு மேல் கசியவிடக் கூடாது என்றது. எட்டு வருஷம் ஓடிய கார் முதல் தடவை காஸ் கேட்டால் நியாயம். வருஷா வருஷம் கேட்டால்?

"கேஜ் வெச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டான்?" என்றேன்.

பாய் சிரித்தார். வீட்டு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சமிருக்கிற வரை அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். கார் ஏ.சி.யும் அப்படியே. எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில், பெரும்பாலான கார்களில் இருக்கும் 134ஏ காஸ் சதுர அங்குலத்துக்குச் சுமார் 97 பவுண்டு அழுத்தம் காட்டும். முழுசாக இருந்தாலும் 97, பாதி இருந்தாலும் 97. ஓடவிட்டுப் பார்த்தால் குறைவு என்று தெரியும். எத்தனை கிராம் குறைவு என்று தெரியாது. அதற்கு எடை போட வேண்டும்!

ஆனால் எடை போடுவதற்கு முன் திருடனைப் பிடிக்க வேண்டும். உள்ளே காஸ் இருக்கும்போதுதானே கசியும்?

முதலில் கண். காஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கசிகிற இடத்தில் எண்ணெயும் எட்டிப் பார்க்கும்; அதில் தூசி ஒட்டிப் பிசுக்காகும். பாய் டார்ச் அடித்துக் கண்டென்சரைப் பார்த்தார். ரோட்டுக் கல் அடித்து ஓட்டை விழும் முதல் இடம் அது. சுத்தம். கம்ப்ரஸரின் முன்பக்க ஸீல், குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகள்... அவையும் சுத்தம்.

அடுத்தது மூக்கு. பாயின் மூக்கல்ல. வளையும் வால் வைத்த ஒரு கருவி. காஸ் வாடை பட்டால் 'கீச் கீச்' என்று கத்தும். இந்த காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் வாலை ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கமாக ஆமை வேகத்தில் நகர்த்துகிறார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாயிலும் நீட்டினார். கூலிங் காயில் ஓட்டையானால் காஸ் அந்த வழியாக இறங்கும். சத்தமில்லை. எனக்கு உயிர் வந்தது. கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்!

காருக்குள் நீட்டியதும் கருவி அலறியது. எனக்கு வியர்த்துவிட்டது. பாய் அலட்டிக்கொள்ளாமல் டேஷ்போர்டில் நான் வைத்திருந்த சென்ட் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். அலறல் நின்றது. "இதுக்கு மூக்கு உண்டு, மூளை கிடையாது" என்றார்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? காண்டெஸா, ஏ.சி. மாட்டின அம்பாசடர்... எல்லாத்துக்கும் ஒரு ஜுவாலை விளக்குதான். குழாயை இணைப்பு பக்கம் காட்டினா, கசிவு இருந்தா ஜுவாலை பச்சையாயிடும். அழகா இருக்கும். ஆனா புகை விஷம்" என்றார்.

பச்சைக்குக் காரணம், அன்றைய ஆர்-12 காஸில் இருந்த குளோரின். ஜுவாலையில் சூடான செம்பை அது தொட்டதும் நிறம் மாறும். அந்த காஸை உருவாக்கிய குழுவின் தலைவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபிக்கத்தான்! கைதட்டினார்கள். ஆனால், அந்தக் குளோரின் வானத்து ஓசோன் குடையை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. ஆர்-12 விடைபெற, குளோரின் இல்லாத 134ஏ வந்தது. பச்சை ஜுவாலைக்கும் வேலை போயிற்று.

134ஏ ஓசோனை விட்டுவைத்தது. பூமியைச் சூடாக்குவதை விடவில்லை. ஒரு கிலோ கசிந்தால் 1,300 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதனால்தான் 2016-ல் கிகாலி நகரில் இந்த வகை காஸ்களையும் படிப்படியாகக் குறைக்க உடன்பாடு ஆனது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

கதைக்கு வருவோம். எல்லா இடத்திலும் மௌனம் காத்த கருவி, கடைசியில் ஓரிடத்தில் 'கீச்' என்றது. பாய் ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை எடுத்து அங்கே வைத்தார். இருவரும் குனிந்து காத்திருந்தோம். ஒரு நிமிஷம். ஒரே ஒரு குமிழி... மெல்லப் பருத்தது... டப்!

எந்த இடம் தெரியுமா? காஸ் நிரப்பும் வாய்!

கார் டயரில் காற்றடிக்கும் இடத்தில் ஒரு குட்டி வால்வு பின் இருக்குமே, அதே ஜாதி. ஒவ்வொரு தடவை குழாயை மாட்டிக் கழற்றும்போதும் அது அமுங்கி எழும். அதில் தூசி சிக்கினால் சரியாக உட்காராது. அதற்குக் காவலாகத்தான் மேலே ரப்பர் வைத்த மூடி. என் காரில் மூடியே இல்லை. முதல் கோடையில் கழற்றிய பையன் திருப்பிப் போடவில்லை. ஆக, காஸ் போட்டதால் கசிந்தது. கசிந்ததால் காஸ் போட்டோம். அவன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். தேடவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த காஸைக் காற்றில் விடாமல் மெஷினில் இழுத்து எடை போட்டார் பாய். 190 கிராம். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்ன அளவு 450. ஒரு வருஷத்தில் 260 கிராம் கையாடல்! வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 150 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருகிற கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல்!

புது பின், புது மூடி. இரண்டும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்தான். பிறகு நைட்ரஜனை ஏற்றி அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று பார்த்தார். "காத்து அடிச்சுப் பார்த்தா என்ன?" என்றேன். காற்றில் ஈரம் இருக்கிறது, உள்ளே அரிக்கும். ஆக்ஸிஜன் என்றால் எண்ணெயோடு சேர்ந்து வெடித்தே போகும். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் வாக்குவம். தராசில் வைத்து 450 கிராம். எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய்.

பாய் சொல்லி நான் குறித்துக்கொண்டவை:

* "கசிவு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வராமல் காஸ் ஏற்ற விடாதீர்கள்.

* வாக்குவம் போட்டு முள் நின்றுவிட்டால் கசிவே இல்லை என்று அர்த்தமல்ல. வாக்குவத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது 15 பவுண்டுகூட இல்லை. ஓடும்போது காஸ் வெளியே தள்ளுவது 200 பவுண்டுக்கு மேல் போகும்.

* பிடிபடாத மெல்லிய கசிவுக்கு ஒளிரும் சாயம் உண்டு. காஸோடு ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா டார்ச் அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக மின்னும்.

* ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றலாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது ஓட்டையோடு வால்வையும் அடைத்துவிடும்.

* கிராம் கணக்கில், உங்கள் கண் முன்னால் தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். கூடினாலும் குளிராது.

* புறப்படுமுன் மூடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வீரப் பிரதாபமாக எல்லாவற்றையும் சொன்னேன். கருவி, கீச், சோப்பு நுரை, குமிழி... பொறுமையாகக் கேட்டாள்.

"ஏண்டா, புது சிலிண்டர் மாத்தினா ரெகுலேட்டர் வாயில சோப்புத் தண்ணி வெச்சு நான் பார்க்கிறதில்லையா? நாப்பது வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கே? மூணு வருஷமா உனக்கு இது தோணலையாக்கும்!"