சுராங்கனிக்கு முந்தைய தாளம்

பைலா, இலங்கைக் கடலோரத்தில் வளர்ந்த துள்ளல் இசை. போர்ச்சுகீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுதல். தமிழ்நாட்டுக்கு அதை அறிமுகம் செய்தது ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'. அதை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். சுற்றுலா போகிற கல்லூரி வேனில் அந்தப் பாட்டுக்கு இருக்கையைத் தட்டுகிறவர்கள் ஆப்பிரிக்கத் தாளம் ஒன்றைத் தட்டுகிறார்கள்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியர், மொசாம்பிக் போன்ற கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். இதே போர்ச்சுகீசியரின் கப்பல்கள்தான் பிரேசிலுக்கும் ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றன. அங்கே வளர்ந்த ஆப்பிரிக்க-லத்தீன் கலையை உலகம் அறியும். இலங்கைக் கிளையைப் பக்கத்து வீட்டுக்காரர்களான நாமே அறியவில்லை. அடுத்து வந்த டச்சுக்காரர்கள் அடிமைகளைத் தங்கவைத்த கொழும்புப் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்றே நெடுங்காலம் பெயர் இருந்தது. தமிழில் அது கொம்பனித்தெரு. ஆங்கிலேயர் கோவாவிலிருந்து ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கிப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படை கலைந்தபின் சிலர் புத்தளம் பக்கம் குடியமர்ந்தார்கள்.

அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கிறார்கள். இலங்கைத் தமிழில் அவர்களைக் குறிக்கும் சொல் 'காப்பிலி'. அரபியின் 'காஃபிர்' போர்ச்சுகீசியத்தில் 'காஃப்ரே' ஆகி, அங்கிருந்து வந்த சொல் அது. தென்னாப்பிரிக்காவில் இதன் உடன்பிறப்புச் சொல் கொடிய வசை. இங்கே அது ஒரு சமூகத்தின் பெயராகவே தங்கிவிட்டது. பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

சிரம்பியடியின் சொத்து 'மாஞ்சா' பாட்டு. பட்டம் விடும் மாஞ்சாவோடு இதற்கு உறவில்லை. ரபான் என்னும் கைம்முரசு, டோலக் ஆகியவற்றோடு தேங்காய்ச் சிரட்டை இரண்டு ஒன்றோடொன்று மோதும். கண்ணாடிப் புட்டியில் கரண்டி தட்டும். இரண்டு மூன்று வரிதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தொடக்கம் மெதுவாக இருக்கும். போகப்போகத் தாளம் முடுக்கம் பெற்று, உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடும்.

இதற்கு உறவான 'காஃப்ரிஞ்ஞா' ஆட்டத்தின் பெயரிலேயே அந்தக் 'காஃப்ரே' ஒளிந்திருக்கிறது. போர்ச்சுகீசிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் வயலினோடு அதை ஆடுவார்கள். அதன் நடையை எடுத்து 1940களில் சிங்களப் பைலாவாக்கிப் பரப்பியவர் வாலி பஸ்டியன்ஸ் என்ற போலீஸ்காரர்.

இந்தியக் கரையிலும் கிளை உண்டு. குஜராத்தின் ஜாம்பூர், ரத்தன்பூர் ஊர்களில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் மீட்டும் 'மலுங்கா', சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைத் தந்தி வில். பிரேசிலில் கப்போய்ரா ஆட்டத்துக்கு வாசிக்கும் 'பெரிம்பாவ்' கருவியும் அப்படித்தான்: வில், தந்தி, குடுக்கை, தட்ட ஒரு குச்சி. நம் வில்லுப்பாட்டில் குடுக்கையின் இடத்தில் குடம் இருக்கிறது. ஆனால் அது வேறு வழியில் வந்த மரபு.

கொழும்பிலிருந்து புத்தளம் ஏறத்தாழ 130 கி.மீ. காலையில் கொம்பனித்தெருவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் மாணவர் குழு மதியத்துக்குள் சிரம்பியடிக்குப் போய்விடலாம். அங்கே வீட்டில் பேசுவது இப்போது சிங்களம். மாஞ்சாவின் வரிகள் இன்னும் பழைய போர்ச்சுகீசியக் கலப்புமொழியில்தான் இருக்கின்றன; பல வரிகளுக்குப் பாடுகிற இளையவர்களுக்கே பொருள் தெரியாது.