சுளுக்கு என்னும் ஒரு சொல்

விளையாட்டுத் திடலில் மாணவர் ஒருவர் விழுந்து கணுக்காலைப் பற்றிக்கொண்டால், நம் வாயில் முதலில் எழும் சொல் 'சுளுக்கு' என்பதே. உடனே கை தைலத்தைத் தேடுகிறது. பேச்சுவழக்கில் அச்சொல் தசைப்பிடிப்பு, பிசகு, மூட்டுவலி யாவற்றையும் குறிக்கும். மருத்துவமோ இவற்றைப் பிரித்தே நோக்குகிறது. எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் அளவுக்கு மீறி இழுபடுதலோ கிழிதலோ சுளுக்கு. மூட்டில் எலும்பு இடம் பெயர்தல் விலகல். எலும்பில் விரிசலோ உடைவோ நேர்தல் முறிவு. மூன்றிலும் வலியும் வீக்கமும் உண்டு; ஆதலால் கண்ட அளவில் பிரித்தறிதல் அரிது.

வளரும் பிள்ளைகளிடத்தில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. அவர்தம் எலும்பு முனைகளை அடுத்துள்ள வளர்ச்சித் தட்டு, சுற்றியுள்ள நார்களைவிட வலுக் குறைந்தது. பெரியவர்க்குச் சுளுக்கோடு நின்றுவிடும் வீழ்ச்சி, சிறுவர்க்கு அத்தட்டின் முறிவாகலாம். கவனியாது விட்டால் எலும்பின் வளர்ச்சியே தடைப்படலாம், கோணலாகவும் அமையலாம்.

எனவே, காலூன்றி நான்கடி எடுத்துவைக்க இயலாதவரையும், கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலியால் துடிப்பவரையும் நாம் நீவிவிடலாகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, காலை அசைக்காமல் உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் அனுப்புவதே முறை. 'வெறும் சுளுக்குதான்' என்று தீர்ப்பளிப்பது, ஆய்ந்தறிந்த மருத்துவரின் கடன். 'எங்கே வலிக்கிறது? ஊன்ற முடிகிறதா?' என்று வினவுவது நம் கடன்.